பேஸ் கிட்டார்: புதியது வாங்க, பழையது தேட, சேர்த்து வைக்க

பேஸ் கிட்டார் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லதுண்ணே?" நான் திருப்பிக் கேட்பது, "எங்க வாசிக்கப் போறீங்க தம்பி?" வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவை ஒட்டிய மேடைகளிலா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலா, வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் பதிவு செய்யவா? மூன்றுக்கும் மூன்று விதமான கிட்டார் வேண்டும். கம்பெனிப் பெயர் அதற்கு அப்புறம் வரட்டும்.

பேஸைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் எங்கள் தேனிப் பள்ளத்தாக்கில் அதிகம். காரணம் பண்ணைப்புரம். 1943இல் அங்கே பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தார். அதற்குப் பிறகு தமிழ்ப் பாட்டில் பேஸின் வேலையே மாறிவிட்டது. டிரம்ஸுக்குத் துணையாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வாத்தியம், பாட்டின் மெட்டுக்கு எதிரே தானும் ஒரு மெட்டாக நடக்க ஆரம்பித்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது பேசும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவரே நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர் என்பதால் பேஸ் வரிகளும் தாளில் எழுதப்பட்டவைதான். அவற்றில் பலவற்றுக்கு உயிர் கொடுத்த விரல்கள் சசிதரனுடையவை. 1986இல் வந்த 'மௌன ராகம்' பாடல்களைப் பாடகரை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை கேளுங்கள். பிறகு ஏ.ஆர். ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றைக் கேளுங்கள். இரண்டில் எந்தச் சத்தம் உங்களை இழுக்கிறது என்று தெரிந்துவிட்டால் வாங்கும் வேலையில் பாதி முடிந்தது.

கேட்பதற்குச் செல்போன் ஸ்பீக்கர் உதவாது. நான்கு தந்தி பேஸின் அடித்தந்தியான 'இ' நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அடுத்தது 'ஏ' 55, 'டி' 73, 'ஜி' 98. அந்த ஆழத்தைப் போன் ஸ்பீக்கரால் தர முடியாது. நீங்கள் அதில் கேட்பது பேஸின் மேல்விளிம்பை மட்டும். போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து 'சவுண்டு சுமார்தான்' என்று ஒரு கிட்டாரை ஒதுக்கிவிடாதீர்கள். 'பிரமாதம்' என்று முன்பணமும் அனுப்பிவிடாதீர்கள்.

மேடையில் இரைச்சல்

இங்கே திருவிழா மேடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் ஜெனரேட்டர் ஓடுகிறது. மேடையைச் சுற்றி மின்னி மின்னி எரியும் சீரியல் செட். எர்த் சரியாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்பது மைக் செட்காரருக்கே நிச்சயமில்லை. இந்தச் சூழலில் பேஸ் கிட்டாரின் பிக்கப் எந்த வகை என்பது உங்கள் கச்சேரியையே தீர்மானிக்கும்.

பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். தந்தியின் அதிர்வை அது மின்சாரமாக்கும். கூடவே சுற்றியுள்ள மின்சாரக் கசமுசாவையும் இழுத்துக்கொள்ளும். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு 1957இல் ஒரு மாற்றம் செய்தார். பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிளந்து, ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும்படி இணைத்தார். இன்றும் கடைக்காரர்கள் 'பி பேஸ்' என்று சொல்வது இந்த அமைப்பைத்தான். 1960இல் வந்த ஜாஸ் பேஸில், அதாவது 'ஜே' வகையில், தனித்தனிச் சுருளாக இரண்டு பிக்கப்கள். இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால் பெரும்பாலான ஜே பேஸ்களில் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று கிளம்பிவிடும். ஆனால் ஜே பேஸின் இனிய குரல் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில்தான் இருக்கிறது. மேடையில் அதைத் தனியாகத் திறக்கவே முடியவில்லை என்றால் அதை வாங்கி என்ன பயன்?

ஆகவே மெல்லிசைக் குழுவில் வாசிக்கப் போகிறவர் முதல் கிட்டாராகப் பி பேஸை எடுக்கட்டும். இல்லையென்றால் இரண்டு வகையும் கலந்த 'பிஜே' எடுக்கட்டும். பிஜேயில் சீரியல் செட் தொந்தரவு செய்தால் ஜே பிக்கப்பை மூடிவிட்டுப் பியில் மட்டும் வாசித்துப் போகலாம். வீட்டில் பதிவு செய்பவர் ஜே பேஸைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இதோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. கிட்டார் தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது சுரீர் என்றால், மேடையின் எர்த்தில் கோளாறு இருக்கிறது. 'பழகிப்போச்சுண்ணே' என்று வாசிக்காதீர்கள். கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை போடுவது தற்காலிகத் தப்பித்தல். கோளாறு அப்படியேதான் இருக்கும்.

அளவும் எடையும்

வழக்கமான பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்தில் குட்டை வகையும் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் குட்டை வகை பெரிய வரம். அதைச் சிறுவர் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குபவர்கள் பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவப் பேஸை நினைத்துப் பார்க்கட்டும். ஜெர்மனியின் ஹோஃப்னர் கம்பெனி 1956இல் வெளியிட்ட அந்த 500/1 மாடலும் 30 அங்குல வகைதான். (இந்தியக் கடைகளில் 'ஹோப்னர்' என்ற பெயரில் கிடைப்பது வேறு கம்பெனி. பெயரின் ஒலி ஒற்றுமையை வைத்துச் சிலர் விலை பேசுவார்கள்.)

நீளத்தைப் போலவே நட் அகலமும் முக்கியம். ஜே பேஸின் நெக் நட் அருகில் சுமார் 38 மி.மீ.; பி பேஸில் 41 மி.மீ.க்கு மேல். மூன்று மி.மீ. தானே என்று தோன்றும். இடது கையால் முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் கால் மணி நேரம் ஏறி இறங்கினால் மணிக்கட்டு உங்களுக்கு விடை சொல்லிவிடும்.

நான்கு தந்தியா, ஐந்து தந்தியா? ஐந்து தந்தியில் கூடுதலாக வரும் 'பி' தந்தி நொடிக்கு 31 முறைதான் அதிர்கிறது. அதைத் தாங்கக்கூடிய ஸ்பீக்கர் பெட்டி எத்தனை மேடைகளில் இருக்கிறது என்று யோசியுங்கள். 1990களுக்குப் பிறகு வந்த பாடல்களையே அதிகம் வாசிக்கும் குழு என்றாலோ, பாடகர் சுருதியை அடிக்கடி இறக்கச் சொல்பவர் என்றாலோ ஐந்து தந்தி உதவும். முதல் கிட்டாராக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. விலை குறைந்த ஐந்து தந்திக் கிட்டார்கள் பலவற்றில் அந்த அடித்தந்தி தொளதொளவென்று, சுரம் எது என்றே புரியாமல் ஒலிக்கும். அது இல்லாமலிருப்பது மேல்.

நான்கு கிலோவுக்குள் இருந்தால் மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள் பிழைக்கும். கடையில் உட்கார்ந்தபடி வாசித்துப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஸ்ட்ராப் மாட்டி, நின்று, இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள். தலைப்பக்கம் தானாகக் கீழே சரிந்தால், கச்சேரி முழுவதும் உங்கள் இடது கை அதைத் தூக்கிப் பிடிக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

புதியது

புதிய கிட்டாரைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு அதிகமில்லை. யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் வரிசை, ஐபனேஸின் ஜியோ வரிசை, ஸ்க்வையர், கோர்ட் ஆகியவற்றின் ஆரம்ப மாடல்கள் இன்று போதுமான தரத்தில் வருகின்றன. இவற்றைவிட விலை குறைந்த இந்தியப் பிராண்டுகளும் இருக்கின்றன. அவற்றில் ஒரே மாடலின் இரண்டு கிட்டார்களுக்கு இடையே கூட வித்தியாசம் இருக்கும். ஆன்லைனில் கண்ணை மூடி வாங்காமல், கையில் எடுத்துப் பார்த்து நல்லதைப் பொறுக்கி எடுப்பவருக்கு அவையும் உதவும்.

தேனியில் கிட்டார் கிடைக்கும். பல பேஸ் மாடல்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்க மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். சென்னை அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல் 1842இல் தொடங்கிய கடை. 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்து தேனி வழியாகச் சென்னை சென்ட்ரலுக்கு நேரடி ரயில் இருக்கிறது. இரவு ஏறினால் காலையில் சென்னை. திரும்பும்போது கிட்டாரை மேல் படுக்கையில் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் அடியில் உள்ள லக்கேஜ் பெட்டியில், என்ஜின் சூட்டில், அடுத்தவர் மூட்டைக்குக் கீழே போடாதீர்கள்.

பட்ஜெட்டைப் பிரிக்கும்போது பலரும் முழுத் தொகையையும் கிட்டாரிலேயே போட்டுவிடுகிறார்கள். கையில் முப்பதாயிரம் இருந்தால் இருபதாயிரத்துக்குக் கிட்டார் பாருங்கள். மீதி ஆம்ப், நல்ல கேபிள், அகலமான ஸ்ட்ராப், பஞ்சு வைத்த பை, ட்யூனர், ஒரு செட் தந்தி ஆகியவற்றுக்கு வேண்டும். சாதாரண லீட் கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகிச் சத்தம் ஏற்றினால் ஸ்பீக்கரின் பேப்பர் கிழியும். பேஸ் ஆம்ப் என்று எழுதியதையே வாங்குங்கள்.

பழையது

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இந்த ஊர்ப் பக்கத்தில் எத்தனையோ பேஸ் கிட்டார்கள் பரண்களில் கிடக்கின்றன. மெல்லிசைக் குழுக்களில் ஆள் குறைக்க நேர்ந்தபோது பேஸின் இடத்தைக் கீபோர்டு வாசிப்பவரின் இடது கை எடுத்துக்கொண்டது. பேஸ் வாசித்தவர் வேறு வேலைக்குப் போனார். கிட்டார் பையோடு மூலையில் சாய்ந்தது. கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் கேரளம். கானமேளாவும் சர்ச் பாடகர் குழுவும் உள்ள ஊர்களில் கைமாறும் கிட்டார்களைத் தேட, நமக்குச் சென்னையைவிடக் கோட்டயம் பக்கம். குழுவில் வாசிப்பவர்களிடமும் சர்ச் இசைக்குழுவினரிடமும் வாய் விட்டுக் கேட்டு வையுங்கள். விளம்பரமாக வருவதைவிட வாய்வழியாக வருவதே அதிகம்.

பார்க்கப் போகும்போது அலன் கீ செட், ட்யூனர், உங்கள் சொந்தக் கேபிள், புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு விசிட்டிங் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள்.

முதலில் நெக். மற்ற எதைப் பற்றியும் பேசும் முன் நெக்கைப் பாருங்கள். ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோய், பிரிட்ஜ் பக்கத்தை முகத்தருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகையின் நேர் பார்ப்பது போல நெக்கின் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் அது சரிசெய்யக்கூடிய வளைவு. ஒரு விளிம்பு ஏறி மற்றது இறங்கினால் நெக் முறுக்கிக்கொண்டது என்று பொருள். முறுக்கிய நெக்கை யாராலும் லேசில் சரிசெய்ய முடியாது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, 'இ' தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். தந்தி இப்போது ஒரு நேர்கோல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டை நுழையுங்கள். உரசியும் உரசாமலும் போனால் வளைவு சரியாக இருக்கிறது; அந்த இடைவெளி சுமார் 0.3 மி.மீ. கார்டு தொளதொளவென்று ஆடினால் நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது. நுழையவே இல்லையென்றால் பின்னோக்கி. இரண்டையும் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். அந்த ராடு இன்னும் திரும்புகிறதா என்பதே கேள்வி. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் கொஞ்சம் தளர்த்தி, பிறகு கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். துருப்பிடித்து அசையாமலிருந்தாலோ, ஏற்கெனவே கடைசி வரை இறுக்கப்பட்டிருந்தாலோ, எவ்வளவு பேர்பெற்ற கம்பெனியாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

நெக் தேறிவிட்டால் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, ஒரு சுரத்தைத் தட்டி, அது முழுதாக அடங்கும் வரை கேளுங்கள். அவசரப்படாதீர்கள். இது சலிப்பான வேலை. இதைச் செய்பவர்கள் குறைவு. 'ஜி' தந்தியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரை கூடுதல் கவனம் வையுங்கள். அந்த இடத்தில் சுரம் பட்டென்று செத்துவிடுவது ஃபெண்டர் வகை நெக்குகளில் பழைய நோய். விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. கொஞ்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நொடிக்குள் அடங்கிவிட்டால் அந்த இடத்தில் நீங்கள் நீண்ட சுரம் பிடிக்கவே முடியாது.

12ஆவது ஃப்ரெட்டின் மேல் தந்தியை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். வேறுபட்டால் பிரிட்ஜில் உள்ள சாடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் அந்தத் திருகு துருவேறி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரெட்டுகளில் தந்திக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருந்தால் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது. தேய்த்துச் சமன்செய்யவோ மாற்றவோ மதுரை, சென்னை போன்ற இடங்களில் கைதேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுவது நியாயமான பேரம்.

கடைசியாக மின்சாரம். உங்கள் கேபிளைச் சொருகி, ஜாக்கை லேசாக ஆட்டுங்கள். வால்யூம், டோன் குமிழ்களை முழுதாகத் திருப்புங்கள். கரகரவென்றால் தூசி, பெரும்பாலும் காண்டாக்ட் கிளீனரில் போய்விடும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் ஒயர் நன்றாக இருக்கிறது. தொட்டாலும் மாற்றமில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் விட்டுப்போயிருக்கலாம். சால்டரிங் தெரிந்தவருக்குச் சின்ன வேலை. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் வகையாக இருந்தால் பின்பக்க மூடியைக் கழற்றிப் பேட்டரி அறையைப் பாருங்கள். வருடக் கணக்கில் கிடந்த பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டையும் அது தின்றிருக்கும். நீங்கள் கொண்டுபோன புதிய பேட்டரியைப் போட்டுக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். (வாங்கிய பிறகும் நினைவிருக்கட்டும்: ஆக்டிவ் பேஸில் கேபிளைச் சொருகியபடியே விட்டால் வாசிக்காத நேரத்திலும் பேட்டரி தீரும்.)

கீறல், பெயின்ட் உரிதல், பெல்ட் பக்கிளின் உரசல் தடம் ஆகியவற்றுக்காக ஒரு கிட்டாரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவற்றைச் சொல்லி விலையைக் குறையுங்கள். தலைப்பகுதி நெக்கோடு சேரும் வளைவில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா, நெக் உடம்போடு பூட்டும் இடத்தில் பிளவு இருக்கிறதா என்பவை மட்டுமே பயப்பட வேண்டியவை.

பெரிய பெயர் போட்ட கிட்டாரை யாராவது கொண்டுவந்தால் அது அசல்தானா என்ற கேள்வி வரும். தலையில் ஒட்டிய பெயரை யாரும் அச்சடித்து ஒட்டலாம். சீரியல் எண்ணையும், நெக்கை உடம்போடு பூட்டும் நான்கு திருகுகளையும், பிரிட்ஜையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபெண்டரில் 'எம்எக்ஸ்' என்று தொடங்கும் எண் மெக்சிகோ. 'ஐசிஎஸ்' என்று தொடங்குவது இந்தோனேசியாவில் செய்யப்பட்ட ஸ்க்வையர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த ஸ்க்வையரில் 'ஜேவி' என்று தொடங்கும். அதைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. ஐபனேஸில் 'எஃப்' என்றால் ஜப்பானின் ஃபூஜிஜென் தொழிற்சாலை. எண்ணில் இந்தோனேசியா, வாயில் ஜப்பான் என்று விற்பவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மரத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. ஃப்ரெட்போர்டுக்கு உலகமே தேடும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, அதாவது தோதகத்தி. அதைக் காக்க 1994இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. 2017 ஜனவரியிலிருந்து ஈட்டி வகை மரங்கள் எல்லாமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, ஃபெண்டர் மெக்சிகோவில் செய்த பல கிட்டார்களில் பாவ் ஃபெரோ என்ற வேறு மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆகவே அந்த ஆண்டுகளின் மெக்சிகோ ஃபெண்டரில் ஃப்ரெட்போர்டு வெளிறிய காப்பி நிறத்தில் இருந்தால் போலி என்று சந்தேகப்பட வேண்டாம்.

சேர்க்கத் தொடங்கினால்

இரண்டாவது கிட்டார் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் கிட்டாரில் கிடைக்காத ஒரு சத்தத்துக்காக வாங்குங்கள். அதே சத்தத்தைத் தரும் விலை உயர்ந்த ஒன்றை வாங்கினால் ஆறு மாதத்தில் இரண்டில் ஒன்று பையிலேயே தூங்கும். என்னைக் கேட்டால் பி பேஸ் வைத்திருப்பவருக்கு இரண்டாவதாகச் சொல்வது ஃப்ரெட்லெஸ்.

நமது ராகங்களுக்கு ஃப்ரெட்லெஸ் பேஸ் எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கே பலர் இன்னும் கேட்டே பார்க்கவில்லை. ஃப்ரெட் இல்லாததால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கலாம், அசைக்கலாம். தோடியின் காந்தாரத்தைக் கூட முயன்று பார்க்கலாம். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸிலிருந்து ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசி வாசித்தார். நீங்கள் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஃப்ரெட் முழுதாகத் தேய்ந்து, ஆனால் நெக் நேராக இருக்கும் பழைய கிட்டார் மலிவாகக் கிடைத்தால் அதுதான் இதற்குச் சரியான ஆள். ஃப்ரெட்டைச் சூடுகாட்டி மெதுவாக எடுத்து, அந்தப் பள்ளங்களில் வெளிர் நிற வெனீர் துண்டுகளை ஒட்டிச் சமன்செய்யச் சொல்லுங்கள். வெளிர்க் கோடு தெரிந்தால் ஆரம்பத்தில் விரலுக்கு அடையாளம் இருக்கும். மேலே வழவழப்பான ஃப்ளாட்வுண்ட் தந்தி போடுங்கள்; அது மரத்தை அரிக்காது.

தந்தியே பாதிக் கிட்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மோடவுன் கம்பெனிப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 பிரிசிஷனில் கனமான ஃப்ளாட்வுண்ட் தந்திகளைப் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வைத்திருந்தார். அந்தத் தடித்த, மென்மையான சத்தம் அதிலிருந்து வந்தது. பளிச்சென்ற உலோகச் சத்தம் வேண்டுமானால் ரவுண்ட்வுண்ட். இன்னொரு கிட்டார் வாங்கும் முன் இருக்கும் கிட்டாரில் வேறு வகைத் தந்தி போட்டுக் கேளுங்கள். சில பேருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடுகிறது.

சேர்ப்பவர்கள் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிட்டாருக்கும் சீரியல் எண், வாங்கிய தேதி, விலை, பில் அல்லது கையெழுத்து, முன்னும் பின்னுமாகப் புகைப்படங்கள், தனித்து அடையாளம் காட்டும் கீறல்களின் நெருக்கப் படங்கள். மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்து அவரிடமே சேர்த்த செய்தி 2024இல் வந்தது. அது அசல்தான் என்று உறுதிசெய்யப் பழைய புகைப்படங்கள் இருந்தன. ஜாக்கோவின் அந்த ஜாஸ் பேஸும் 1986இல் நியூயார்க்கில் காணாமல்போய் இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது. ஜேமர்சனின் பிரிசிஷன் 1983இல் போனது போனதுதான். பழையதை விற்க வருபவரிடம் அது எங்கே, யாரிடம் வாங்கியது என்று கேட்பதில் சங்கடப்பட வேண்டாம். முறையாக வாங்கியவர் ஆசையோடு கதை சொல்வார்.

வீட்டில்

தேனிப் பகுதியின் வெயிலும் காற்றும் மரத்துக்குச் சோதனை. கோடையில் ஃப்ரெட்போர்டு சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். ஆடிக் காற்றில் வரும் தூசி குமிழ்களுக்குள் போய்க் கரகரப்பாகும். மூணாறு, போடிமெட்டு, மேகமலை என்று மேலே ஏறி வாசிக்கப் போனால் குளிரும் ஈரமும் நெக்கை ஒரே நாளில் அசைத்துவிடும். போய் இறங்கியதும் பையைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் கழித்து ட்யூன் செய்யுங்கள். ட்ரஸ் ராடைத் தொடாதீர்கள். கீழே வந்ததும் நெக் தன் நிலைக்குத் திரும்பும். வீட்டிலும் ராடை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று.

தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரணில் வைக்காதீர்கள். மண்சுவரிலோ தரையிலோ சாய்த்து வைத்தால் கரையான் வரும். பையோடு தரையில் மாதக் கணக்கில் கிடந்த கிட்டாரின் உடம்பைத் தட்டினால் பொத்தென்று கேட்கும்; உள்ளே கூடுதான் மிச்சம். சமையலறைப் பக்கமில்லாத உள்சுவரில், கையெட்டும் உயரத்தில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். தந்திகளை முழுதாகத் தளர்த்தி வைப்பதும் தவறு. நெக் பின்னால் வளையும். கூரியரில் அனுப்பும்போது மட்டும் பாதி தளர்த்தி, தலைக்கு அடியில் துணிச் சுருளும் தலையின் இரண்டு பக்கமும் பஞ்சும் வைத்து, பெட்டிக்குள் ஆடாமல் கட்டுங்கள்.

ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளை மேலும் கீழும் துடையுங்கள். தந்தி மாற்றும்போது ஈட்டி போன்ற கருமரப் போர்டுகளுக்கு மட்டும் ஃப்ரெட்போர்டு எண்ணெய் இரண்டு துளி. வார்னிஷ் அடித்த மேப்பிளுக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் எதற்கும் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவர்கள் தந்தி போட்ட தேதியைச் சின்னத் தாளில் எழுதிப் பைக்குள் போட்டு, கச்சேரிக்குக் கச்சேரி கிட்டாரை மாற்றி எடுத்துப் போங்கள். மூன்று மாதம் ஒன்றைக் கையில் எடுக்கவே இல்லையென்றால், அதைத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது ஒரு பையன் சின்னமனூரிலோ கூடலூரிலோ இருப்பான். அவனிடம் விலை சொல்லுங்கள்.